நாற்பத்தொரு சொற்களும் ஒரு சத்தியக்கடதாசியும்

சத்தியக்கடதாசியில் கையொப்பம் வைக்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எழுதியிருப்பதை வாசித்தீர்களா? விளங்கியதா? அவ்வளவும் உண்மையா? மன்னார்த் தீவிலுள்ள சமாதான நீதவான்களில் இந்த மூன்றையும் கேட்பவன் நான் ஒருவன்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது பாராட்டு அல்ல. முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கந்தோர்களில் கோப்புப் பார்த்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு மிஞ்சுவது விறாந்தையில் ஒரு மேசையும், ஒரு றப்பர் முத்திரையும், தனக்குத் தெரியாத நடைமுறை எதுவும் இல்லை என்ற எண்ணமும்தான்.

பொதுவாக ஆட்கள் நான் கேட்டு முடிக்கும் முன்னமே மூன்று தரம் ஓம் சொல்லிவிட்டுப் பேனையைத் தேடுவார்கள். அப்படித்தான் நடைமுறை நடைமுறையாக இருக்கிறது.

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியிருந்த ஒரு பின்னேரம் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் அறுபது கடந்தவர். மற்றவர் அவருடைய மருமகள், முப்பதுக்குச் சற்று மேல். தாராபுரத்துக்கு அப்பால் தெற்குக் கரையில், காற்றாலைகள் வரிசையாக நிற்கும் பக்கம் அவர்களுடைய வீடு. மருமகளின் கையில் ஒரு கோப்பு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், மீனவர் சங்கத்தின் கடிதம், கடலில் தேடியதற்கான பதிவு. எல்லாம் திகதி வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. என் காலத்தில் என் கந்தோரில் ஒருவர்கூட அப்படி ஒரு கோப்பை எனக்குத் தந்ததில்லை.

விசயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அந்த அம்மாவின் மகன் தனியாகக் கடலுக்குப் போனான். அடுத்த நாள் மணல்திட்டுகளின் பக்கம் அவனுடைய பைபர் படகு மட்டும் கிடைத்தது. இயந்திரம் தண்ணீருக்கு வெளியே தூக்கி வைக்கப்பட்டிருந்தது. வலை நனையவே இல்லை. ஆள் இல்லை. இப்போது முருங்கனிலுள்ள, மனைவியை இழந்த ஒருவர் மருமகளை மறுமணத்துக்குக் கேட்டிருக்கிறார். மருமகளுக்குச் சம்மதம். மாமியாருக்கும் சம்மதம். ஆனால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கலியாண அறிவித்தல் வாசிக்க வேண்டுமென்றால் முதல் கணவன் இறந்தான் என்பதற்குக் கடதாசி வேண்டும். உடல் இல்லாதவனுக்கு அந்தக் கடதாசி இலேசில் கிடைக்காது. அவன் உயிரோடிருந்தால் அவனைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள், நாங்கள் கேள்விப்படவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அதாவது மனைவியும் தாயும்.

மருமகள் மூன்று ஓம் சொல்லிக் கையொப்பமிட்டார். தாயிடம் திரும்பினேன். நாலாம் பந்தியை வாசித்தேன். "அன்றைய தினத்தின் பின்னர் அவரிடமிருந்தோ அவரைப் பற்றியோ நான் எதுவும் கேள்விப்படவில்லை." உண்மையா என்று கேட்டேன்.

"இல்லை ஐயா," என்றார். "அது பொய்."

மருமகள் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப கேள்விப்பட்டனீங்களோ?"

"ஓம். அவன் கதைக்கிறவன். விடிய அஞ்சரைக்கு. முதல் ஒவ்வொரு நாளும் கதைச்சவன். பிறகு நாலு நாளைக்கு ஒருக்கால். இப்ப மாசத்துக்கு ஒருக்கால்கூட இல்லை. தூரம் போறான் போல."

"மாமி, இதை இங்கை கதைக்கவேண்டாம் எண்டெல்லோ வரேக்கை சொன்னனான்." மருமகள் என் பக்கம் திரும்பினார். "சேர், அது போன். அவர் அண்டைக்கு வீட்டிலை விட்டிட்டுப் போனது. இங்கிலீசு படிக்க ஒரு அப் போட்டு வைச்சவர். அது அலாரம் மாதிரி அடிச்சுச் சொல்லிக்குடுக்கும். இவ அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

"போன் எண்டு எனக்குத் தெரியாதோ? போனிலைதானே எல்லாரும் கதைக்கிறது."

"சிம்மும் இல்லாத போன், மாமி."

"கதைக்கிறவனுக்குத் தெரியும்தானே சிம் இல்லையெண்டு. தெரிஞ்சுதான் கதைக்கிறான்."

இந்த வாதத்துக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை. நகரத்தில் கேள்வி கேட்காத இன்னொரு நீதவான் இருக்கிறார், அவரிடம் போகலாம் என்று மருமகள் மெல்லச் சொன்னார். "அவரிட்டைப் போனாலும் ஆண்டவர் ஒராள்தானே பிள்ளை," என்றார் தாய். பிறகு தன் பையிலிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"அவன் சொல்லுறதெல்லாம் இதிலை எழுதி வைச்சிருக்கிறன். எனக்கு இங்கிலீசு விளங்காது. நீங்கள் வாசிச்சு, இது அவன் அனுப்புறதோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. அவன்ரை இல்லையெண்டால் நான் இந்தக் கடதாசியிலை கையெழுத்து வைக்கிறன். இவளும் வாழவேணும்தானே."

மருமகள் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொப்பியை அன்றிரவு சாப்பாட்டுக்கு முன் திறந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் ஆங்கிலத்தை எப்படி எழுதினார் என்ற கேள்விக்கு முதல் பக்கமே விடை. முழுவதும் தமிழ் எழுத்து. அவர் சிறு வயதிலிருந்து கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். எங்கள் பக்கத்துப் பாடகர்கள் இலத்தீன் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்து, ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், ஓர் எழுத்தும் பிசகாமல் பாடுவார்கள். பொருள் தெரியாவிட்டாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேரும் என்று அவர்களுக்கு நிச்சயம். அதே முறையில்தான் கைபேசியையும் எழுதியிருந்தார். கற்பிக்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் நீல மையில். மகனின் குரல் சிவப்பு மையில். சொற்களுக்கு நடுவில் இடைவெளி கிடையாது. ஒலி எங்கே முடிகிறது என்று தெரியாதவர் எங்கே இடைவெளி விடுவார்?

நீல மையைப் பிரிப்பது இலகுவாக இருந்தது. முதலில் ஒரு சொல். பிறகு அதே சொல் அசை அசையாக, எந்த அசையில் குரலை அழுத்துவது என்று காட்ட ஒரு தரம் உரத்து. பிறகு பொருள். பிறகு சொல்லை வைத்து ஒரு வாக்கியம். ஆனால் சொற்கள்! கிரெபஸ்கியுலர். யுபிக்குவிற்றஸ். இன்டிபற்றிகபிள். லிற்றொரல். என்னுடைய ஆங்கிலம் கோப்பு ஆங்கிலம். 'பணிக்கப்பட்டுள்ளேன்', 'தங்கள் கவனத்துக்கு' என்பவற்றை வைத்து ஒரு மாவட்டத்தையே நடத்தலாம் என்று நம்பி வாழ்ந்தவன். அந்தக் கொப்பியில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாது. அலுமாரியிலிருந்து பெரிய அகராதியை இறக்கித் தூசி தட்டினேன்.

"உங்களுக்குத் தெரியாத இங்கிலீசும் கிடக்கோ?" என்று மனைவி குசினியிலிருந்து கேட்டார். நாற்பது வருடம் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர் போலக் கேட்டார்.

பறவை பார்க்க வரும் வெளிநாட்டவர்களைப் படகில் ஏற்றிப் போவதற்காகத்தான் மகன் ஆங்கிலம் படித்தான் என்று மருமகள் சொல்லியிருந்தார். அதற்கு இடது, வலது, தலையைக் குனியுங்கள் ஆகிய மூன்றும் போதும். அவனோ செயலியில் ஆரம்ப நிலை, இடை நிலை எல்லாவற்றையும் தாண்டி உச்ச நிலையைத் தெரிந்தெடுத்திருந்தான். எங்கள் ஆட்கள் அப்படித்தான். இரண்டாம் வகுப்பில் சேர்வதை அவமானமாக நினைத்துப் பத்தாம் வகுப்பின் வாசலில் போய் நிற்பார்கள். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

சிவப்பு மை வேறு கதை. ஒரு வரியை இப்போதும் எழுதிக்காட்ட முடியும். மைவைபீஸ்ராசிற்றேன்பிபோரீ. கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. அறையில் தனியாக இருந்து வாய்விட்டு வாசித்தேன். மெதுவாக ஒரு தரம், வேகமாக ஒரு தரம். நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ ஒலி தானாக உடைந்து, மை வைஃப் இஸ் ராசிற்றேன் பிபோ ரீ என்று ஒரு மனிதன் என் வாயால் சொன்னான். என் மனைவி தேத்தண்ணி குடிக்கும்வரை பேசமாட்டாள் என்பது பொருள். சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு எழுந்து அறைக் கதவைச் சாத்தினேன். கடலில் காணாமற்போனவன் பேசுவதற்கு ஒரு தொண்டை வேண்டியிருந்தது. நான் என்னுடையதைக் கொடுத்திருந்தேன்.

ஒரு கிழமை அப்படிப் போனது. அந்தியோடு சேர்ந்தது என்று பொருள்படும் சொல்லை வைத்து, எங்கள் தெருவில் அந்திக் கழுதைகள் நிற்கின்றன என்றான். எங்கும் இருப்பது என்ற சொல்லை வைத்து, நுளம்பும் கடற்படையும் எங்கும் இருக்கின்றன என்றான். களைப்பே அறியாத என்ற சொல்லை வைத்து, என் அம்மா களைப்பறியாதவர், காலையில் தொடங்கினால் இரவுவரை ஏசுவார் என்றான். அலை ஏறி இறங்கும் கரைப்பகுதி என்ற சொல்லுக்கு, நான் அந்த இடத்தில் பிறந்தேன், எனக்கு விலாசம் இல்லை என்றான். இலக்கணம் பாதி பிழை. சொல் ஒவ்வொன்றும் சரியான இடத்தில் இருந்தது. எழுபதை எட்டும் வயதில் ஒரு சொல்லின் பொருளை அகராதியில் பார்த்துவிட்டு, அதன் பயன்பாட்டை இல்லாத ஒருவனிடம் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் மனைவி அறை வாசலில் வந்து நின்றார். "ஆர் வந்தது?"

"ஒருதரும் வரேல்லை."

"ரெண்டு பேர் கதைச்சுக் கேட்டுது."

நீல மையை ஒரு குரலிலும் சிவப்பு மையை இன்னொரு குரலிலும் வாசித்திருப்பேன் என்று விளக்கினேன். அப்படி வாசிக்க வேண்டுமென்று நான் நினைத்திருக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அதே செயலியை என் கைபேசியிலும் போட்டேன். எவரும் வாசிக்காத பயன்பாட்டு விதிகளைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். வேலை அதோடு முடிந்தது. நாலு விதிகளில் அந்தத் தாயின் மூன்று வருடமும் இருந்தது. ஒன்று, பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்தால் பிறகு இணைப்பும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். இரண்டு, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஐந்து விநாடிக்கு ஒலிவாங்கி திறக்கும். படிப்பவர் தன் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் என்ன சத்தம் இருக்கிறதோ அது பதிவாகும். மூன்று, சொல் மீட்டலுக்குத் திரும்பும்போது அந்தப் பதிவு ஒலிக்கும். நாலு, பச்சைப் பொத்தானை அழுத்தினால் 'தெரியும்' என்று பொருள், அடுத்த மீட்டல் தள்ளிப்போகும். ஒவ்வொரு பச்சைக்கும் இன்னும் தள்ளிப்போகும். சிவப்பை அழுத்தினால் 'தெரியாது' என்று பொருள், நாளைக்கே திரும்பி வரும்.

அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு, கொப்பியோடும் சத்தியக்கடதாசியோடும் முத்திரையோடும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெற்குக் கரையில் அந்த நேரம் காற்றாலைகளின் உடல் தெரியாது. உச்சியிலுள்ள சிவப்பு விளக்குகள் மட்டும், அத்தனையும் ஒரே கணத்தில் எரிந்து ஒரே கணத்தில் அணையும். அணைந்திருக்கும்போது சிறகு வெட்டும் சத்தம் கூடுவது போலிருக்கும். மருமகள் கதிரை போட்டார். திரு இருதயப் படத்துக்குக் கீழே தட்டில், மின்கம்பி செருகியபடி கைபேசி இருந்தது. தாய் முகம் கழுவி, தலை இழுத்து வாரி, கோயிலுக்குப் போகும் சேலை உடுத்தியிருந்தார். தினமும் அப்படித்தான் என்று மருமகள் சொன்னார்.

ஐந்தரைக்கு ஒரு சிறிய மணி. வெள்ளைக்காரப் பெண் மகனின் பெயரைச் சொல்லிக் காலை வணக்கம் சொன்னார். அன்றைய சொல் வெஸ்ரிஜ், மகன் படித்திராத புதுச் சொல். ஒன்று போன பிறகு அது இருந்ததற்கு மிஞ்சியிருக்கும் அடையாளம். அசை பிரித்தார், பொருள் சொன்னார், வாக்கியம் சொன்னார். இப்போது உங்கள் முறை என்றார்.

தாய் கைபேசியை நோக்கிக் குனிந்தார். "ஓம் ராசா. கேக்குது. இண்டைக்கும் காத்துத்தான்."

பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

"ஏன் அதை அமத்தினனீங்கள்?" என்று கேட்டேன்.

"பச்சைதானே நல்லது. சிவப்பு, அவனை நிப்பாட்டுறது."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். விதி இலக்கம் மட்டும் சொல்லவில்லை. அவனுடைய குரல் அவன் போவதற்கு முன் பதிந்தது. அது பெட்டிக்குள் இருப்பது, எங்கிருந்தும் வருவதல்ல. பச்சையை அழுத்த அழுத்த அது பிந்தி வரும். தாய் கைபேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இடையில் ஒருமுறை மட்டும், "அப்ப அவன் தூரம் போகேல்லை. நான்தான் தள்ளிவிட்டனான்," என்றார்.

"நீங்கள் தள்ளேல்லை. யந்திரம் அப்பிடி."

"இடைக்கிடை என்ரை குரலிலையும் கதைச்சது. என்னைப்போலக் கதைச்சுப் பகிடி பண்ணுறான் எண்டு நினைச்சனான்."

"அது நீங்கள் சொன்னதுதான். பதிஞ்சு வைச்சுத் திருப்பிச் சொன்னது."

"அப்ப, மூண்டு வரியமா நான் சொன்னதொண்டும் அவனுக்குப் போகேல்லையோ?"

வாழ்நாள் முழுவதும் விண்ணப்பதாரர்களுக்கு இல்லை என்று எழுதியவன் நான். எழுதுவது வேறு. "இல்லை அம்மா," என்றேன். மருமகள் தேத்தண்ணியை வைத்துவிட்டு மாமியின் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

பதிவுகளின் பட்டியலைத் திறந்து காட்டினேன். மகனுடையவை நாற்பத்தொன்று. நாற்பத்தோராவது, அவன் போன அன்று, விடியுமுன் நாலு மணிக்குப் பதிந்தது. கொப்பியில் எனக்குத் தெரிந்த வாக்கியம்தான். ஆனால் அது கடைசி வாக்கியம் என்பது திகதியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சொல் ரிலக்ரன்ற். மனம் இல்லாமலிருப்பது, தயங்குவது. பொத்தானை அழுத்தினேன். ஒருவரும் கேட்காதபடி தணித்த குரல். பின்னால் ஒரு வாளி தரையில் உரசும் சத்தம்.

"என்ன சொல்லுறான்?" என்றார் தாய்.

"இன்றைக்கு அம்மாவை எழுப்ப எனக்கு மனமில்லை. இரவிரவாக இருமினவ. இவ்வளவுதான்."

அவர் கைபேசியின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு சொன்னது எனக்கல்ல, மருமகளுக்கு. "ஒருநாளும் என்ரை கையாலை நெத்தியிலை சிலுவை வாங்காமல் போகமாட்டான். அண்டைக்கு என்னிலை கோபத்திலை போனவன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான். வந்து வாங்கத்தானே வேணும் எண்டு."

"என்னட்டை ஒருக்காலும் இதைச் சொல்லேல்லையே மாமி."

"நீ தேத்தண்ணி குடிச்சாப்பிறகுதானே கதைப்பாய். அதுக்கிடையிலை எனக்கு மறந்துபோம்."

அது கொப்பியிலிருக்கும் வாக்கியம் என்பது இருவருக்கும் தெரியாது. நான் சொன்னேன். மருமகள் சிரித்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனார்.

தாய் கையை நீட்டினார். "கடதாசியைத் தாங்கோ. ஆனால் அந்த நாலாவதிலை இன்னும் ஒண்டு எழுதவேணும்."

படிவத்தில் ஒரு பந்தியைக் கூட்டுவது என் பழக்கமல்ல. கூட்டினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "அவர் போவதற்கு முன் சொல்லி வைத்ததையே இதுவரை கேட்டுவந்தேன் என்பதை இன்று அறிந்தேன். போன பின் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை." மூன்று கேள்வியும் கேட்டேன். மூன்றுக்கும் ஓம் என்றார். கையொப்பமிட்டார். நான் முத்திரை குத்தினேன். அன்று காலை பஸ்ஸிலேயே மருமகள் அதை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்.

புறப்படும்போது தாய் கைபேசியைக் கழற்றி என் கையில் தந்தார். "என்ரை குரல் எல்லாத்தையும் அழிச்சுத் தாங்கோ. அவன்ரை மட்டும் இருக்கட்டும். ஒருதரும் கேக்காத கதையை நானே திருப்பிக் கேட்டு என்ன செய்ய?"

ஒன்றாக அழிக்க வசதியில்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் 'நிச்சயமா?' என்று கேட்கும். வாசிக்காமல் ஒரு கோப்பை நான் எரித்ததில்லை. ஆகவே கேட்டுக்கேட்டு அழித்தேன். இரண்டு நாள் எடுத்தது. ஓம் ராசா, மழை வந்தது. ஓம் ராசா, உன்ரை வலையை வித்தாச்சு, கோவிக்காதை. ஓம் ராசா, இவள் மெலிஞ்சு போனாள். ஓம் ராசா, ஒருதர் முருங்கனிலையிருந்து வந்து கேக்கிறார், நல்ல மனுசன். ஐந்து ஐந்து விநாடியாக மூன்று வருடம்.

பட்டியலின் அடியில் ஒன்பது பதிவுகள் தனியாக ஒதுங்கிக் கிடந்தன. பச்சையும் அழுத்தாமல் சிவப்பும் அழுத்தாமல் விடப்பட்டவை. திகதிகள் தொடர்ந்து ஒன்பது நாள். கொப்பியில் அந்த நாட்களுக்குப் பக்கமே இல்லை. நெஞ்சு நோவோடு தாய் ஆசுபத்திரியில் கிடந்த நாட்கள் அவை, மருமகளும் கூடவே இருந்தார். வீடு பூட்டியிருந்தது. கைபேசி படத்துக்குக் கீழே தன்பாட்டில் அடித்து, சொல் சொல்லி, பொருள் சொல்லி, இப்போது உங்கள் முறை என்று சொல்லி, வெறும் வீட்டை நோக்கி ஐந்து விநாடி காது கொடுத்திருக்கிறது.

முதல் ஆறிலும் காற்றாலைச் சத்தம் மட்டும். அழித்தேன். ஏழாவதிலும் அதுதான், மூன்று விநாடிக்கு. பிறகு மிக அருகில் ஒரு சத்தம். எங்கள் பக்கத்தில் அதை அறியாதவர் இல்லை. கடற்கரையிலிருந்து வீட்டுக்குள் வருபவர் வாசற்படியில் நின்று, ஒரு காலால் மற்றக் காலைத் தேய்த்து மணலைத் தட்டுகிற சத்தம். ஒருகால் தேய்த்தது. மறுகால் தேய்த்தது. பதிவு முடிந்தது.

எட்டாவதும் ஒன்பதாவதும் வெறும் காற்று.

நாய் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கழுதை என்று சொன்னேன். பக்கத்து வீட்டார் என்றும் சொன்னேன். பன்னிரண்டு தரம் கேட்டிருப்பேன். சத்தியக்கடதாசியை உறுதிப்படுத்திய பின் புதிய விடயம் தெரியவந்தால் சமாதான நீதவான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லா விதிகளையும் மனதில் புரட்டிப் பார்த்தேன். இதற்கு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதை எழுப்பினால் என்ன ஆகும் என்று மட்டும் நன்றாகத் தெரியும். தாய் மறுபடி சேலை உடுத்தி அந்தத் தட்டுக்கு முன்னால் நிற்பார். மருமகள் கோப்பைக் கட்டி அலுமாரியில் வைப்பார். ஐந்து விநாடியில் ஒன்றரை விநாடிக்காக.

'நிச்சயமா?' என்று கைபேசி கேட்டது. ஆம் என்றதை அழுத்தினேன்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஆசுபத்திரியில் இருந்த நாட்களில் வீட்டுக்கு யாராவது வந்துபோனார்களா என்று தாயிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"பூட்டின வீட்டுத் திறப்பு என்ரை கையிலை. ஆர் வாறது? ஏன் ஐயா?"

"சும்மா கேட்டனான்."

"எல்லாம் அழிச்சாச்சோ?"

"ஓம்."

சில மாதங்களில் கடதாசி கிடைத்தது. கோயிலில் மூன்று ஞாயிறு அறிவித்தல் வாசித்தார்கள். நான் ஞாயிறுதோறும் போகிறவன் அல்ல. அந்த மூன்றுக்கும் போனேன். இன்னாரின் கைம்பெண்ணாகிய இன்னாருக்கும் முருங்கனைச் சேர்ந்த இன்னாருக்கும் என்று குருவானவர் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று சொல்லி, வழக்கம்போலச் சற்று நிறுத்தினார். தாயும் மருமகளும் எனக்கு இரண்டு வாங்கு வரிசைக்கு முன்னால் இருந்தார்கள். மருமகளின் கை மாமியின் மடியில் இருந்தது.

முதல் ஞாயிறு இருமல் சத்தம் கேட்டது. இரண்டாம் ஞாயிறு ஒரு குழந்தை அழுதது. மூன்றாம் ஞாயிறு, அந்த நிறுத்தத்தில், பிந்தி வந்த யாரோ கோயில் வாசற்படியில் நின்று காலில் மணல் தட்டுவது கேட்டது. ஒருகால், பிறகு மறுகால். தாய் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. குருவானவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.